தலையெழுத்தா, கையெழுத்தா?

"பாலைவனத்திலே பிறந்தவனுக்குப் பருக நீர் இல்லையென்றால், யார் என்ன செய்ய முடியும்? அது இயற்கையின் கொடுமை, அவன் தலையெழுத்து!" நாடாள வந்தோர் நாவிலும், நன்கு படித்தோர் நாவிலும், நாளேட்டைப் புரட்டிவிட்டுத் திண்ணையில் சாய்ந்திருப்போர் நாவிலும் எளிதாகப் புரளுகின்ற பேச்சு இது.

எளிதான பேச்சுத்தான். பொறுப்பை உதறுவதற்கு இதைக் காட்டிலும் எளிய வழி ஏது? வானத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டால், கோட்டையில் வீற்றிருப்போருக்கு விடுதலை! மணலின் மீது பழியைப் போட்டுவிட்டால், அந்த மணலைப் பங்கு போட்டவர் மீது பழி இல்லை! தலையெழுத்து என்று சொல்லிவிட்டால், கையெழுத்துப் போட்டவர் யாரென்று கேட்பார் எவருமில்லை!

நாம் கேட்கிறோம். துணைக்கண்டத்தின் வடமேற்கே ஏறத்தாழ 2 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்பில் விரிந்து, இராஜஸ்தானின் மேற்குப் பகுதியை மூடி, எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துக்குள்ளும் நுழைந்து கிடக்கிறதே தார்ப் பாலைவனம், அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் படும் பாட்டுக்குக் காரணம் தலையெழுத்தா, கையெழுத்தா?

இந்தக் கேள்வியைக் கேட்கத் தமிழனுக்குத் தனித் தகுதி உண்டு. நிலத்தை வகுத்துக் கண்ட நம் முன்னோர், பாலைக்கென்று தனி நிலம் ஒதுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தன்மை கெட்டால் அதுவே பாலையாகும் என்ற கருத்தைச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையிலே காண்கிறோம். அதற்கு இளங்கோ தேடிய உவமை என்ன தெரியுமா, தோழர்களே? மன்னனும் அவன் அதிகாரிகளும் நெறி கோணியதால் நல்லாட்சியை இழந்த நாடு! வெயிலின் கொடுமையைச் சொல்ல வந்த புலவனுக்கு ஆட்சியின் கொடுமை நினைவுக்கு வந்தது. ஆட்சியின் கொடுமையைக் கண்ணெதிரே காண்போருக்கோ, வெயில் மட்டுமே தெரிகிறது!

மழை குறைவு என்பதை நாம் மறுக்கவில்லை. மறுப்பதற்கு நாம் மந்திரவாதிகள் அல்லோம். ஜெய்சல்மேரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரி 20 செ.மீ. அளவைத் தாண்டுவதே அரிது. அது இயற்கை. ஆனால் பெய்த மழை யாருடைய தொட்டியில் சேர்ந்தது, வெட்டிய கால்வாய் யாருடைய வயலில் பாய்ந்தது, அளந்த நிலம் யாருடைய பெயரில் ஏறியது, இவை இயற்கையா? எந்தப் புயல் பட்டா எழுதுகிறது? எந்த வெயில் மதகைத் திறக்கிறது?

"வளவனூரில் உட்கார்ந்துகொண்டு தார்ப் பாலைவனத்தைப் பற்றி உமக்கென்ன கவலை? ஏரியும் கழனியும் நிறைந்த ஊர் அல்லவா உமது ஊர்?" என்று சில நண்பர்கள் நம்மைக் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, நம் விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டிற்று. ஜெய்சல்மேருக்கு ஓராண்டு முழுவதும் கிடைப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், ஒரே நாளில்! அவ்வளவு தண்ணீர் வந்த மாவட்டத்திலே, அடுத்த நாள்களில் மக்கள் குடிநீரும் உணவும் கேட்டுச் சாலையை மறித்தார்கள். தென்பெண்ணையின் குறுக்கே 2020-இல் சுமார் 25 கோடி ரூபாயில் கட்டி முடித்த தளவானூர்த் தடுப்பணை, 2021 ஜனவரியிலேயே உடைந்து நின்றது. மழை இருந்தால் போதும், பஞ்சம் பறந்துவிடும் என்போர் மயிலத்தையும் தளவானூரையும் பார்க்கட்டும். வானம் வாரி வழங்கியும் வறண்ட தொண்டை இங்கே. வானம் கைவிரித்தும் வாழ்ந்து காட்டியவர்கள் அங்கே!

ஆம், வாழ்ந்து காட்டியவர்கள்! பாலைவனம் என்றால் ஆளில்லாக் காடு என்று பாடநூல் நமக்குக் கற்பித்திருக்கிறது. வரைபடத்திலே மஞ்சள் பூசி, ஓர் ஒட்டகத்தை வரைந்துவிட்டால் பாடம் முடிந்தது. வகுப்பறையிலே நாமும் அந்த மஞ்சளைத்தான் சுட்டுகோலால் காட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த மஞ்சளுக்குள் எத்தனை மக்கள்! ஒட்டகம் வளர்க்கும் ராய்க்கா மக்கள், தோல் பதனிட்டும் துணி நெய்தும் உழுதும் பிழைத்த மேக்வால் மக்கள், பழங்குடிப் பீல் மக்கள், மரத்தையும் மானையும் காக்கும் பிஷ்ணோய்கள், உழவராகிய ஜாட்டுகள், வாளேந்திய பெருமை பேசும் இராஜபுத்திரர்கள், சிந்தி பேசும் முஸ்லிம் மேய்ப்பர்கள், இசையே தொழிலாகக் கொண்ட மாங்கணியார்கள், லங்காக்கள், பாம்பாட்டிகளாக அறியப்பட்ட கால்பேலியாக்கள். மாங்கணியார் மார்க்கத்தால் முஸ்லிம்கள். அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுவதோ இந்துக் குடும்பங்களின் திருமணத்திலும் பிள்ளைப்பேற்றிலும். உலகப் பாலைவனங்களிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்தவற்றுள் ஒன்று தார் என்பதை எத்தனை மாணவர் அறிவர்?

அந்த மக்கள் தண்ணீரைப் பொன்னினும் மேலாகக் காத்தனர். வீட்டின் முன்னே வட்டமாகக் குழி தோண்டி, உட்புறம் சுண்ணாம்பு பூசி, சுற்றிலும் தட்டைப்போல் தரையைச் சரித்து, அதன் மீது விழும் மழைத்துளி அத்தனையும் குழிக்குள் ஓடிவரும்படி செய்தனர். அதற்கு டாங்கா என்று பெயர். சரிவான நிலத்தின் அடியிலே நீண்ட மண்கரை எழுப்பி, மழைநீரைத் தேக்கி, அது மண்ணுக்குள் ஊறிய பின், அந்த ஈரத்தை நம்பியே குளிர்காலத்தில் கோதுமையும் கடலையும் விளைவித்தனர். அதற்குக் காடின் என்று பெயர். ஜெய்சல்மேர்ப் பகுதியில் 15-ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிவரும் முறை அது. வாய்க்கால் வெட்ட வேந்தன் வரவில்லை. வருணனுக்கு வேள்வி செய்து வயல் நனைந்ததாகவும் வரலாறு இல்லை. கரை போட்டது மனிதக் கை. கணக்குப் போட்டது மனித மூளை!

இவ்வளவு அறிவு படைத்த மக்கள் ஏன் ஏழைகளாக இருந்தார்கள்? அதுதானே கேள்வி. விடை தேட, ஆட்சி அங்கே செய்தவற்றுள் பெரியதை முதலில் பார்ப்போம்.

1948-இல் கன்வர் சைன் என்ற பொறியாளர் ஒரு கனவு கண்டார். பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடுகின்ற ஹரிகே என்னும் இடத்திலிருந்து தண்ணீரைத் திருப்பிப் பாலைவனத்துக்குக் கொண்டுவருவது என்பது அந்தக் கனவு. 1958 மார்ச் 31-இல் உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் அடிக்கல் நாட்டினார். நீர் கொண்டுவரும் ஊட்டுக் கால்வாய் 204 கிலோமீட்டர்; அதனைத் தொடரும் முதன்மைக் கால்வாய் 445 கிலோமீட்டர். இராஜஸ்தான் கால்வாய் என்று தொடங்கிய அது, இந்திரா காந்தியின் மறைவுக்குப் பின் அவர் பெயரைத் தாங்கிற்று. 1987-இல் தண்ணீர் ஜெய்சல்மேர் மாவட்டத்து மோகன்கர் வரை வந்து சேர்ந்தது. அடிக்கல்லுக்கும் கடைமடைக்கும் இடையே ஏறத்தாழ 30 ஆண்டுகள்!

அது மாபெரும் சாதனைதான். அதனைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. மணல்மேடு கோதுமை வயலாயிற்று; கடுகும் பருத்தியும் விளைந்தன; ஊர்களுக்குக் குடிநீர் வந்தது. விதியை வென்றது வேள்வியல்ல, பொறியியல் என்பதற்கு அந்தக் கால்வாய் கல்வெட்டாக நிற்கிறது.

ஆனால், கால்வாயோடு கையெழுத்தும் வந்தது. அதுவரை ஆடும் மாடும் ஒட்டகமும் மேய்ந்த பொதுநிலம், கட்டம் கட்டமாக அளக்கப்பட்டது. அந்த நிலத்தில் நூற்றாண்டுகளாக மேய்த்தவனிடம் மந்தை இருந்தது, பட்டா இல்லை. பட்டா இல்லாதவன் மேய்த்த நிலம் ஏட்டிலே 'தரிசு' ஆனது. தரிசு என்று எழுதியவுடன் அவன் அயலான் ஆனான்! பியாஸ் ஆற்றிலே பொங் அணை எழுந்தபோது ஊரிழந்த இமாசல மக்களுக்கு இந்தக் கால்வாய்ப் பகுதியில்தான் நிலம் என்றனர். அவர்களிலே பலர் பல்லாண்டுகள் நிலத்துக்காக வழக்காடி அலைந்தனர். மலையில் இருந்தவனை மூழ்கடித்து, மணலில் இருந்தவனை ஒதுக்கி, இருவரையும் ஒரே துண்டு நிலத்துக்காக ஏங்கவைத்தது எது? எந்த விண்மீன்? எந்தக் கிரகம்? கோப்புத்தான்! கோப்பின் அடியில் இட்ட கையெழுத்துத்தான்!

தண்ணீர் மிகுந்த இடத்தில் வேறு துன்பம் வந்தது. மண்ணின் அடியிலே நீர் புகாத கெட்டியான படிவம் இருக்க, மேலே நீரை அளவின்றிப் பாய்ச்சினால் அது எங்கே போகும்? தேங்கும், உப்பை மேலே கொண்டுவரும், வயல் உவராகும். அனுமான்கர் மாவட்டத்தில் அதுதான் நடந்தது. பாலைவனத்திலே தேங்கிய நீரால் நிலமிழந்த உழவரைக் காணும் காலம் வந்தது. நீர் தேங்கிய இடத்தில் கொசு பெருகிற்று. 1994-இல் தார்ப் பகுதியை மலேரியாக் கொள்ளைநோய் தாக்கியது. வடிகால் இல்லாமல் வாய்க்கால் வெட்டாதே என்பது நம் ஊர் உழவனுக்கும் தெரிந்த பாடம். திட்டம் தீட்டியோர்க்குத் தெரியாமலா போயிற்று?

தண்ணீர் கிடைக்காத இடத்தின் கதை அதைவிடக் கொடிது. 2004-இல் ஸ்ரீகங்காநகர் மாவட்டத்தில் கர்சானா, ராவ்லா பகுதி உழவர்கள், கால்வாயில் தங்களுக்குரிய நீரைக் கேட்டுப் போராடினார்கள். கிடைத்தது துப்பாக்கிக் குண்டு! உழவர்கள் உயிரிழந்தனர். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டவனுக்கு ஈயம் கொடுத்த நாட்டில், பாலைவனம் இயற்கையின் கொடுமை என்று பேச எவருக்கு வாய் வரும்?

இனி, 'தரிசு' என்ற அந்த ஒற்றைச் சொல்லின் வலிமையைப் பாருங்கள். ஆளில்லா நிலம் என்று முடிவு கட்டிவிட்டால், அங்கே எதையும் செய்யலாம். 1974 மே 18-இல் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். 1998 மே 11-இலும் 13-இலும் மீண்டும் வெடித்தார்கள். தலைநகரிலே இனிப்பு வழங்கினார்கள். வெடித்த இடத்துக்கு அருகே கேதோலாய் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே வீட்டுச் சுவர் விரிசல் விட்டது என்று மக்கள் முறையிட்டார்கள். குண்டு வெடித்தவர் பெயர் வரலாற்று ஏட்டில். சுவர் வெடித்தவர் பெயர் எந்த ஏட்டில்?

பிறகு பார்மேரில் எண்ணெய் கண்டார்கள். 2004-இல் மங்களா என்ற எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டு, 2009-இல் எண்ணெய் பொங்கி வந்தது. மகிழ்ச்சி! ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கைப் புரட்டினால் பார்மேர்ப் பெண்களில் 100-க்கு ஏறத்தாழ 59 பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஜெய்சல்மேரில் 100-க்கு 60 பேர். பாறைக்கு அடியிலே பதுங்கிக் கிடந்த எண்ணெயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நாட்டுக்கு, மணல்மேட்டின் மேலே குடிசைக்கு வெளியே நின்றுகொண்டிருந்த சிறுமியைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை! "தொலைவு அதிகம், மக்கள் சிதறி வாழ்கிறார்கள்" என்பார்கள். தொலைவு உண்மை. ஜெய்சல்மேர் மாவட்டம் ஏறத்தாழக் கேரள மாநிலத்தின் அளவு. 2011-இல் மக்கள் தொகையோ 7 இலட்சத்துக்கும் குறைவு. ஆனால் எண்ணெய்க் குழாய்க்குத் தொலைவு தடையாயிற்றா? பீரங்கி வண்டிக்குத் தொலைவு தடையாயிற்றா? ஆசிரியருக்கும் மருத்துவச்சிக்கும் மட்டுமே வழி நீளுகிறதா?

அடுத்து வந்தது கதிரவன் மீது காதல். ஜோத்பூருக்கு வடக்கே பட்லா என்னுமிடத்தில் 2,245 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா எழுந்தது. உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. நாம் அறிவியலின் பகைவர் அல்லோம். கரிப்புகை குறைய வேண்டும். கதிரவன் ஒளி விளக்காக வேண்டும். கேட்பது ஒன்றே: விளக்கு யாருக்கு, நிழல் யாருக்கு? பாலையிலே ஓரண் என்று அழைக்கப்படும் ஊர்ப் பொதுக் காடுகள் உண்டு. தெய்வத்தின் பெயரால் விடப்பட்டவை. அங்கே மரம் வெட்டலாகாது, மந்தை மேயலாம். தெய்வத்தின் பெயராலா என்று பகுத்தறிவாளர் முகம் சுளிக்க வேண்டாம். அரசனின் ஏட்டில் இடம் கிடைக்காத ஏழை, ஆண்டவன் பெயரில் பட்டா எழுதிக்கொண்டான், அவ்வளவே! அந்த ஓரண்களில் பலவும் அரசு ஏட்டிலே தரிசு. ஆகவே மின் நிறுவனங்களுக்குக் கொடுக்கத் தக்கவை! மக்கள் நடைப்பயணம் சென்றார்கள், நீதிமன்றப் படியேறினார்கள். 2024 டிசம்பரில் உச்சநீதிமன்றம், இராஜஸ்தானின் ஓரண்களை அளந்து, கணக்கெடுத்துக் காடாக அறிவிக்கும்படி ஆணையிட்டது. அதாவது, அது தரிசு அல்ல என்று சொல்ல, இந்நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது!

அங்கே நிற்கும் மரம் எது தெரியுமா? கேஜ்ரி என்று அவர்கள் அழைக்கும் அது, நம் வன்னி மரந்தான். இங்கே அதற்கு மஞ்சள் பூசிச் சுற்றி வருகிறோம். அங்கே அதன் இலை ஆட்டுக்குத் தீனி, காய் மனிதனுக்குக் கறி, நிழல் பயிருக்குக் காவல். 1730-இல் ஜோத்பூர் மன்னனின் மாளிகைக்குச் சுண்ணாம்பு சுட விறகு வேண்டும் என்று இந்த மரங்களை வெட்ட ஆள்கள் வந்தபோது, கேஜர்லி என்ற ஊரிலே அமிர்தா தேவி என்ற பெண் முன்னின்று தடுத்தாள். பிஷ்ணோய் மக்கள் 363 பேர் மரங்களைத் தழுவி உயிர் விட்டனர் என்கிறது வரலாறு. அன்றும் மரம் வளர்ந்தது மக்களால். வெட்டச் சொன்னது மாளிகை. அண்மை ஆண்டுகளில் பிகானேர்ப் பகுதியில் மின் பண்ணைகளுக்காக அதே மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து மக்கள் மீண்டும் தெருவுக்கு வந்தனர். மாளிகை மாறியிருக்கிறது, கோடரி மாறவில்லை!

"காப்பாற்றுகிறோம்" என்று சொல்லி அழித்த கதையும் ஒன்று உண்டு. 2014-இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தார்கள். 2015-இல் சட்டம் வந்தது: ஒட்டகத்தைக் கொல்லலாகாது, மாநிலத்துக்கு வெளியே விற்கக் கொண்டுபோகலாகாது! கேட்பதற்கு எவ்வளவு கருணை! ஆனால் உழவும் வண்டியும் இயந்திரத்துக்கு மாறிய காலத்தில், ஆண் ஒட்டகத்தை விற்றுத்தானே ராய்க்கா குடும்பம் பிழைத்தது? வாங்குவோர் வரவில்லை, விலை சரிந்தது, வளர்ப்பதை விட்டனர். 2012-இல் இராஜஸ்தானில் 3.26 இலட்சமாக இருந்த ஒட்டகம், 2019 கணக்கெடுப்பில் 2.13 இலட்சம்! சட்டத்துக்கு முன்பே சரிவு தொடங்கியிருந்தது உண்மை. சட்டம் அந்தச் சரிவுக்கு அணை போடவில்லை, சந்தையின் கதவைத்தான் அடைத்தது. விலங்கைப் புனிதமாக்குவது எளிது. அதை மேய்ப்பவனின் வயிற்றைக் கேட்டுச் சட்டம் எழுதுவதுதான் அரிது.

இவ்வளவு சொல்வதால் பாலை மக்கள் அனைவரும் மாசற்ற மாணிக்கங்கள் என்று நாம் பாடவில்லை. மேலிருப்போர் போட்ட கையெழுத்து ஒன்றென்றால், ஊருக்குள்ளே சாதி போட்ட கையெழுத்து மற்றொன்று. தண்ணீர் அரிதான இடத்தில் தீண்டாமை என்பது வெறும் இழிவு மட்டுமன்று, அது தாகம்! மேல்சாதிக் கிணறு, கீழ்சாதிக் கிணறு என்று பிரித்து, மேக்வால் பெண்ணையும் பீல் பெண்ணையும் வேறொருவர் இரங்கி ஊற்றும்வரை வெயிலில் நிற்கவைத்த வழக்கம் அந்த மண்ணுக்கு உரியது. குழந்தை மணத்தைத் தடுக்க 1929-இல் இயற்றிய சட்டம், அஜ்மீரைச் சேர்ந்த ஹர்பிலாஸ் சாரதாவின் பெயரால் சாரதா சட்டம் என்று வழங்கியது. அவர் மாநிலத்திலேயே அட்சய திருதியை வந்தால் சிறுவர் சிறுமியருக்கு மாலை சூட்டும் கூத்து அச்சட்டத்துக்குப் பின்னும் பல்லாண்டுகள் நடந்தது. தண்ணீர்க் குடம் சுமக்கும் தலையிலே தாலியின் பாரத்தையும் ஏற்றிவிட்டால், அந்தச் சிறுமி பள்ளிக்கு எப்படி வருவாள்?

இதைக் கேட்டு, "பார்த்தீர்களா வடக்கத்தியான் புத்தியை!" என்று எக்களிக்கும் தோழர் ஒருவர் இருந்தால், அவரை வேங்கைவயலுக்கு அழைத்துச் செல்கிறோம். 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டத்து அந்தச் சிற்றூரிலே, ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது. பாலையும் அங்கே இல்லை. மணலும் அங்கே இல்லை. மனத்திலே பாலை இருந்தது! பிறரைப் பழிக்கும் உரிமை, நம் தொட்டியைக் கழுவிய பிறகே நமக்கு வரும்.

எல்லைக்கோடு போட்ட கையெழுத்தையும் மறந்துவிடலாகாது. 1947-இல் கோடு விழுந்தது. ஒரே பேச்சு, ஒரே பாட்டு, ஒரே மணல் இரண்டு நாடாயின. பார்மேர் மாவட்டத்து முனாபாவையும் சிந்துவின் கோக்ராபாரையும் இணைத்த இருப்புப்பாதை 1965 போரில் மூடப்பட்டது. 2006-இல் மீண்டும் திறந்தார்கள். 2019-இல் மீண்டும் நிறுத்தினார்கள். தங்கை திருமணத்துக்கு அண்ணன் போவதும் போகாததும் இரண்டு தலைநகரங்களின் மனநிலையைப் பொறுத்ததாயிற்று. 1971 போரை ஒட்டியும் அதன் பின்னும் அப்பாலிருந்து வந்த பீல், மேக்வால் குடும்பங்களில் பல, குடியுரிமைத் தாளுக்காகப் பல்லாண்டுகள் காத்துக் கிடந்தன. அவர்கள் நெற்றியில் எழுதியது யாரோ பிரமன் அல்லன். அவர்கள் விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டது ஓர் அலுவலகம்!

சரி, விடிவே இல்லையா? உண்டு. பாலையின் கிழக்கு ஓரத்திலே, ஆரவல்லி மலையடியில், 1990 மே நாளன்று உழைப்பாளர், உழவர் சங்கம் ஒன்று பிறந்தது. மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்பது அதன் பெயர். பஞ்ச நிவாரண வேலையில் மண் சுமந்த மக்களுக்குக் கூலி குறைந்தது. அவர்கள் கோயிலுக்குப் போய் முறையிடவில்லை. "வருகைப் பதிவேட்டைக் காட்டு, செலவுக் கணக்கைக் காட்டு" என்றார்கள்! 1994 முதல் ஊர் மன்றத்திலே கணக்கை உரக்கப் படித்தார்கள். செத்தவன் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் சிமெண்டு என்று புளுகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் அமர்ந்தார்கள். அந்தப் பொறிதான் பரவி, 2005-இல் நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. எழுத்தறியாதவர் என்று ஏளனம் செய்யப்பட்ட மக்கள்தாம், கையெழுத்துப் போட்டவனைக் கேள்வி கேட்கும் உரிமையை எழுத்தறிந்த இந்தியாவுக்கு வாங்கிக் கொடுத்தார்கள்! வளவனூரில் ஓர் இளைஞன் தன் தெருச் சாலைக்கு எவ்வளவு செலவாயிற்று என்று 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப்போட முடிகிறதென்றால், அதில் அந்த மண் சுமந்த பெண்களின் வியர்வை இருக்கிறது.

மார்வார் என்றவுடன் நம்மவர் கண்ணுக்குத் தெரிவது, விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கடைத்தெருவில் தொங்கும் அடகுக்கடைப் பலகை மட்டுமே. வட்டியின் கொடுமையை நாம் எதிர்ப்போம். எவர் வாங்கினாலும் எதிர்ப்போம். ஆனால் அந்தப் பலகையே மார்வார் அன்று. நம் ஊர்ப் புதுவீடுகளில் முழங்காலிட்டுச் சலவைக்கல் பதிக்கின்ற இளைஞனும் அந்த மாநிலத்தின் மகனே. அவனைப் பேர் சொல்லி அழைக்காமல் 'இந்திக்காரன்' என்கிறோம். அவன் தாய் வீட்டிலே பேசுவது மார்வாரி என்பதைக்கூடக் கேட்டறிந்ததில்லை. மொழியின் அருமை பேசும் நாம், பள்ளியிலும் அலுவலகத்திலும் இடம் மறுக்கப்பட்ட அவன் மொழிக்காகவும் அல்லவா குரல் கொடுக்க வேண்டும்?

தோழர்களே, முடிவாகச் சொல்கிறோம். பாலைக்கு நாம் கேட்பது பிச்சை அன்று. பொது மேய்ச்சல் நிலத்தைத் தரிசு என்று எழுதிய ஏட்டைத் திருத்துங்கள். கடைமடைக்கு நீர் சேராத கால்வாயை வெற்றி என்று கொண்டாடாதீர்கள். ஒளி விளையும் ஊருக்கு அந்த ஒளியிலும் வருவாயிலும் பங்கு கொடுங்கள். சிதறிய குடியிருப்புக்குச் சிதறாத பள்ளி கொடுங்கள். டாங்காவும் காடினும் கட்டிய கைகளைத் திட்டம் தீட்டும் மேசைக்கு அழையுங்கள்.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. தலையெழுத்து என்று எவர் சொன்னாலும், அது தாரிலே ஆகட்டும், தென்பெண்ணைக் கரையிலே ஆகட்டும், "கோப்பைக் கொண்டுவா, கையெழுத்தைப் பார்க்கிறோம்" என்று கேட்கப் பழக வேண்டும். நம் ஊர் ஏரியின் பரப்பு ஏட்டிலே எவ்வளவு, தரையிலே எவ்வளவு? வரத்து வாய்க்காலில் கட்டடம் எழும்ப அனுமதித்தவர் யார்? உடைந்த தடுப்பணைக்குச் சான்று கொடுத்தவர் யார்? இந்தக் கேள்விகளுக்கு இன்றே மனு எழுதலாம். கேட்காமல் விட்டால், மயிலத்தில் கொட்டும் மழையும் நம்மைக் காப்பாற்றாது. முல்லையும் மருதமும் நம் கண்முன்னே பாலையாகும். அதற்கும் தலையெழுத்து என்று பெயர் வைக்க ஆள் இருப்பார்கள்.